தொண்டையைக் கமறவைக்கும் எண்ணெய்

பழம் ஒன்றுதான். கடை அலமாரியில் பாட்டில்கள் நான்கு. ஒன்றில் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்று எழுதியிருக்கிறது. அடுத்ததில் 'ப்யூர்', அதற்கடுத்ததில் 'எக்ஸ்ட்ரா லைட்', கடைசியில் கொஞ்சம் பொடி எழுத்தில் 'பொமேஸ்'. முதல் பாட்டில் லிட்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது; கடைசி பாட்டில் அதைவிட எவ்வளவோ மலிவு. ராயபுரத்து சூப்பர் மார்க்கெட்டில் இவற்றுக்குக் கீழ்த்தட்டிலேயே நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு ஆலிவ் எண்ணெய் என்றால் மெடிக்கல் ஷாப்பில் விற்கும் சின்ன தகர டப்பா, பச்சைக் குழந்தைக்கு உடம்பில் தேய்க்க. இன்று அது அடுப்பு மேடைக்கு வந்துவிட்டது. ஆனால் எந்த பாட்டில் எதற்கு என்பது மட்டும் கூட வரவில்லை. 'விலை அதிகமானது நல்லதாகத்தான் இருக்கும்' என்று வாங்கிப் போய் அதில் பூரி சுடுகிறவர்கள் உண்டு. 'லைட்' என்ற சொல்லைப் பார்த்துக் கொழுப்பு குறைவு என்று நம்பி வாங்குகிறவர்கள் அதைவிட அதிகம். எந்த ஆலிவ் எண்ணெயை எடுத்தாலும் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 120 கலோரிதான். 'லைட்' என்பது நிறத்துக்கும் வாசனைக்கும் மட்டும் பொருந்தும்.

அந்த நான்கு பெயர்களும் மரத்திலிருந்து பாட்டில் வரை அந்த எண்ணெய்க்கு என்னென்ன நடந்தது என்பதைச் சொல்கின்றன. அதைப் படிக்கப் பழகிக்கொண்டால் நம் வீட்டு எண்ணெய் டப்பாவையும் வேறு கண்ணோடு பார்க்கலாம்.

சமையல் எண்ணெய்களில் பெரும்பாலானவை விதையிலிருந்து வருகின்றன: எள், கடலை, சூரியகாந்தி, கடுகு. ஆலிவ் அப்படியில்லை. எண்ணெய் அதன் சதைப்பற்றிலேயே இருக்கிறது. பழத்தைக் கொட்டையோடு அரைத்துக் கூழாக்கி, அந்தக் கூழை அரை மணி நேரம் போல மெதுவாகக் கிளறுவார்கள். துளித்துளியாகச் சிதறிக் கிடக்கும் எண்ணெய் ஒன்றோடொன்று சேர்ந்து திரளும். பிறகு வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் விட்டால் சக்கை, தண்ணீர், எண்ணெய் மூன்றும் தனித்தனியாகப் பிரியும். இவ்வளவையும் 27 டிகிரி வெப்பத்துக்குள் முடித்தால்தான் ஐரோப்பிய சட்டப்படி 'குளிர்முறையில் எடுத்தது' என்று லேபிளில் போட முடியும். ரசாயனம் கிடையாது, காய்ச்சுவது கிடையாது. அப்படி வருவது எண்ணெய் வடிவில் இருக்கும் பழச்சாறு.

பழச்சாறு என்பதால்தான் அது பழத்தின் தலையெழுத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. காசிமேட்டில் மீன் வாங்கப் போகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார்கள். விடியற்காலையில் கரைக்கு வந்த படகின் வஞ்சிரமும் ஐஸ் பெட்டியில் மூன்று நாள் கிடந்த வஞ்சிரமும் ஒரே இனம் என்றாலும் ஒரே மீன் ஆகாது. ஆலிவும் அப்படித்தான். கிளையிலிருந்து பறித்த நாளே ஆலைக்குப் போன பழம் ஒரு ரகம். தரையில் விழுந்து நசுங்கி, சாக்கு மூட்டையில் புழுங்கிக் கிடந்து போன பழம் வேறு ரகம்.

இந்த வேறுபாட்டை அளக்க ஓர் எண் இருக்கிறது. கொழுப்பு மூலக்கூறு ஒன்றில் கிளிசரால் என்ற முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் கோத்திருக்கும். பழம் அடிபட்டால் அதன் செல்களில் இருக்கும் நொதியும் ஈரமும் எண்ணெயைத் தொட்டு, அந்தச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். அறுந்து தனியே திரியும் அமிலம் நூறு கிராம் எண்ணெயில் எத்தனை கிராம் என்பதே அந்த எண். நாக்கில் அது புளிக்காது, சோதனைக் கூடத்தில்தான் தெரியும். 1959இல் தொடங்கி மாட்ரிட்டில் இயங்கிவரும் சர்வதேச ஆலிவ் கவுன்சிலின் கணக்கில் 0.8க்கு மேல் போகாவிட்டால்தான் எக்ஸ்ட்ரா வர்ஜின். 2 வரை போனால் வெறும் வர்ஜின். 3.3ஐத் தாண்டிவிட்டால் அதை அப்படியே சாப்பிடத் தகாது என்று ஒதுக்கி 'லம்பான்டே' என்கிறார்கள், அதாவது விளக்கெரிக்கும் ரகம்.

ஆனால் எண் மட்டும் போதாது என்பதுதான் இந்தத் தரப்படுத்தலில் என்னை வியக்கவைப்பது. சோதனைக் கூடத்தில் எல்லா எண்ணும் சரியாக வந்தாலும், கடைசியில் மனித நாக்கும் மூக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சி பெற்ற எட்டு முதல் பன்னிரண்டு பேர் தனித்தனித் தடுப்புக்குள் உட்காருகிறார்கள். எண்ணெய் வருவது அடர் நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில். பச்சையா மஞ்சளா என்று கண்ணுக்குத் தெரிந்தால் நாக்கு ஏமாந்துவிடும் என்பதால் இந்த நீலம். 28 டிகிரிக்குச் சூடாக்கி, மேலே மூடி போட்டு வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, காற்றையும் சேர்த்து இழுத்து, வாய் முழுக்கப் படரவிடுவார்கள். சிக்கு வாடை இருக்கிறதா, பூஞ்சை வாடையா, குவியலில் கிடந்து புளித்த வாடையா, சாராய நெடியா என்று ஒவ்வொரு குறைக்கும் மதிப்பெண். குறைகளின் மதிப்பு சுத்தமாகப் பூஜ்யமாகவும், பழ வாசனை பூஜ்யத்துக்கு மேலும் இருந்தால் மட்டுமே எக்ஸ்ட்ரா வர்ஜின்.

அவர்கள் நல்ல குணமாகக் கணக்கிடுபவை மூன்று: பழ வாசனை, கசப்பு, தொண்டைக் கமறல். கடைசி இரண்டும் நம்மவர்களைத் திகைக்கவைக்கும். முதன்முறையாக நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜினைக் கரண்டியில் எடுத்துக் குடித்துவிட்டு, இருமி, 'எண்ணெய் கெட்டுப்போச்சு' என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் இருக்கிறார்கள். நடந்தது நேரெதிர். 1999இல் அமெரிக்க விஞ்ஞானி கேரி பியூசாம்ப் சிசிலித் தீவில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது, புதிதாகப் பிழிந்த ஆலிவ் எண்ணெயைச் சுவைத்தார். உடனே தொண்டையின் பின்பக்கம் ஒரு குறிப்பிட்ட எரிச்சல். அது அவருக்கு ஏற்கெனவே பழக்கமான எரிச்சல். தன் ஆய்வுக்காக ஐபுபுரூஃபன் வலிமருந்துத் திரவத்தைச் சுவைத்துப் பார்த்தபோது பட்டது அதே இடத்தில்தான். அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, ஓலியோகாந்தல் என்று பெயரிட்டு, ஐபுபுரூஃபன் தடுக்கும் அதே அழற்சி நொதிகளை அதுவும் தடுக்கிறது என்று 2005இல் அவரும் சக ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மிளகாய் வாய் முழுக்க எரியும், இந்த எண்ணெய் தொண்டையில் மட்டும் பிடிக்கும். அதை உணரும் ஏற்பி தொண்டையில்தான் அதிகம் செறிந்திருக்கிறது. பிழிந்து நாளாக ஆக ஓலியோகாந்தல் குறைந்துகொண்டே போகும். ஆகவே கமறல் இருந்தால் எண்ணெய் புதிது என்று பொருள்.

இனி விளக்கெரிக்கும் ரகமான லம்பான்டேயின் கதை. அதை யாரும் கீழே கொட்டுவதில்லை. சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. காரம் சேர்த்து அமிலத்தைச் சோப்பாக்கிப் பிரிப்பார்கள். களிமண் போன்ற ஒரு மண்ணோடு கலந்து நிறத்தை உறிஞ்சியெடுப்பார்கள். பிறகு காற்றில்லாத கலத்தில் 200 டிகிரிக்கு மேல் நீராவியைச் செலுத்தி வாடையை விரட்டுவார்கள். வெளியே வருவதற்கு அமிலம் 0.3க்குள், நிறம் இல்லை, மணம் இல்லை, கமறலும் இல்லை. இதில் கொஞ்சம் வர்ஜினைக் கலந்தால் வருவதுதான் கடையில் 'ப்யூர்' என்றும் வெறும் 'ஆலிவ் ஆயில்' என்றும் நிற்பது. கலப்பு இன்னும் குறைந்தால் 'லைட்'. பொமேஸ் இதற்கும் அடுத்த படி. பிழிந்தபின் மிஞ்சும் புண்ணாக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெயை ஹெக்ஸேன் போன்ற கரைப்பானில் கரைத்தெடுத்து, சுத்திகரித்து, சிறிது வர்ஜின் சேர்ப்பது. விஷமொன்றும் இல்லை, ஆலிவின் பெயரைத் தாங்கிய ரீஃபைண்ட் எண்ணெய். ஆலிவ் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று சொல்பவர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டும் ஸ்பெயின் நாட்டு 'பிரெடிமெட்' ஆய்வில் மக்களுக்குக் கொடுத்தது எக்ஸ்ட்ரா வர்ஜின். அந்த நற்பெயரைக் காட்டிப் பொமேஸை விற்பதை நான் ஏற்க மாட்டேன்.

இந்தச் சுத்திகரிப்பு முறை வடசென்னைக்குப் புதிதல்ல. நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் கடல் கடந்து வருகிறது. அதில் ஒரு பங்கு நம் பக்கத்திலேயே இருக்கும் சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறது. இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் கச்சா பாமாயிலைப் பார்த்தால் சமையல் எண்ணெய் என்றே நம்ப முடியாது, செக்கச்செவேலென்று இருக்கும். கேரட்டில் உள்ள கரோட்டீன்தான் அந்தச் சிவப்பு. மண் சேர்த்து வெளுத்து, நீராவி விட்டு வாடை போக்கி, பிறகு குளிரவைப்பார்கள். உறையும் பகுதி வனஸ்பதிக்கும் சோப்புக்கும் போக, உறையாமல் நிற்கும் பகுதி பாமோலின். 2007 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் கிடைக்கும் பாக்கெட் அதுதான், லிட்டர் 25 ரூபாய். ஆயிரம் ரூபாய் ஆலிவ் பாட்டிலில் 'ப்யூர்' என்று நிற்பதும் இந்த பாக்கெட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி படிகளைக் கடந்து வந்தவை. கொழுப்பு வேறு, பட்ட பாடு ஒன்று.

தமிழ்க் கரையில் ஆலிவ் எண்ணெய் இறங்குவது இதுவே முதல் தடவையும் அல்ல. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் குவியலாகக் கிடைத்தன. அவற்றைப் பின்னாளில் ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், எல்லாமே மது ஜாடிகள் இல்லை, ஆலிவ் எண்ணெய் ஜாடிகளும் மீன் ஊறல் ஜாடிகளும் அவற்றில் உண்டு என்று கண்டறிந்தார். வணிகத்துக்காக வந்து தங்கிய யவனர்கள் சொந்த ஊர் எண்ணெயை ஆயிரக்கணக்கான மைல் சுமந்து வரவழைத்திருக்கிறார்கள். நம் எள்ளெண்ணெயை அவர்கள் ருசி பார்த்திருந்தால் அந்தச் சுமையில் பாதியைக் குறைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அடுப்புக்கு வருவோம். எக்ஸ்ட்ரா வர்ஜினைச் சூடாக்கினாலே நஞ்சாகிவிடும் என்று ஒரு பேச்சு பரவிக் கிடக்கிறது. அது சரியில்லை. எந்த எண்ணெயும் புகைவது முதலில் அதில் தனியே திரியும் அமிலத்தால்தான். அமிலம் குறைந்த நல்ல எக்ஸ்ட்ரா வர்ஜின் 190 முதல் 210 டிகிரியில்தான் புகையத் தொடங்கும், ரீஃபைண்ட் ஆலிவ் 230ஐ ஒட்டி. மீன் வறுப்பதும் வடை சுடுவதும் 170, 180 டிகிரி வேலை. மேலும், சூட்டில் எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதைப் புகையும் வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை, கொழுப்பின் கட்டமைப்பும் தீர்மானிக்கிறது. ஆலிவில் பாதிக்கும் மேல் இருக்கும் ஓலிக் அமிலம் ஆக்சிஜனுக்கு எளிதில் இரையாவதில்லை. சூரியகாந்தியில் நிறைந்திருக்கும் லினோலிக் அமிலம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கெடும். ஆகவே எக்ஸ்ட்ரா வர்ஜினில் வறுக்கலாம். நான் வறுக்காததற்குக் காரணம் வேறு. காசு கொடுத்து வாங்கிய அந்த வாசனையும் கமறலும் சூட்டில் பறந்துவிடும், மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் பூசிய சங்கரா மீனுக்கு முன்னால் எஞ்சியதும் எடுபடாது. வறுக்க ஆலிவ்தான் வேண்டும் என்றால் 'ப்யூர்' போதும், இல்லாவிட்டால் கடலை எண்ணெயே கச்சிதம்.

எக்ஸ்ட்ரா வர்ஜினின் இடம் அடுப்பை அணைத்த பிறகு வருகிறது. வெந்த சுண்டல் மேல், வெள்ளரி தக்காளி மேல், சுட்ட மீனின் மேல் எலுமிச்சையோடு. எண்ணெயைப் பச்சையாக மேலே விட்டுச் சாப்பிடுவது நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். இட்லிப்பொடியைக் குழித்து நல்லெண்ணெய் விடுகிறோம். பருப்புப் பொடிச் சோற்றில் விடுகிறோம். பர்மாவிலிருந்து அறுபதுகளில் திரும்பி வந்தவர்கள் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களுக்குக் கொடுத்த அத்தோவைப் பாருங்கள். நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், இடித்த மிளகாய் எல்லாம் போட்டு, பூண்டும் வெங்காயமும் பொரித்தெடுத்து அந்த வாசனை ஏறிய எண்ணெயை ஒரு கரண்டி விட்டு, கையாலேயே பிசைகிறார்கள். பிசையும்போது அடுப்பு இல்லை. அந்த ஒரு கரண்டி எண்ணெய் இல்லாவிட்டால் அது அத்தோவே இல்லை. கடைசியில் விடுகிற எண்ணெய்தான் ருசி என்பதை இத்தாலிக்காரர்களுக்குக் குறையாமல் செகண்ட் லைன் பீச் வண்டிக்காரர்களும் அறிந்திருக்கிறார்கள்.

நம்மிடம் எக்ஸ்ட்ரா வர்ஜினுக்கு நிகராக நிற்கக்கூடியது நல்லெண்ணெய். செக்கில் எள்ளைப் போட்டு ஆட்டும்போது கருப்பட்டியைத் தட்டிச் சேர்த்து, தண்ணீர் தெளிப்பார்கள். எள் மாவு ஈரத்தில் இறுகித் திரளும். கருப்பட்டியின் பிசுக்கு புண்ணாக்கைப் பிடித்துக்கொள்ள, எண்ணெய் விலகி ஊறி வரும். சீனாவிலும் ஜப்பானிலும் எள்ளைக் கருக வறுத்துப் பிழிவதால் அவர்கள் எண்ணெய் கருத்து, சொட்டுச் சொட்டாக விடும் வாசனைப் பொருளாக நின்றுவிட்டது. நம்முடையது வறுக்காத எள்ளிலிருந்து வருவதால் குழம்புக்கும் ஊறுகாய்க்கும் தாராளமாக விட முடிகிறது. எள்ளெண்ணெயில் லினோலிக் அமிலம் ஏறக்குறைய 40 சதவீதம், கணக்குப்படி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க வேண்டும். அடிப்பதில்லை. காரணம் எள்ளுக்கே உரிய செசமின், செசமோலின் என்ற பொருள்கள். சூடாகும்போது செசமோலின் உடைந்து செசமால் என்ற இன்னும் வலுவான காவலாளியாக மாறுகிறது. அடுப்பில் ஏறியபின்தான் அது முழுபலத்தோடு வேலை செய்கிறது என்பது எவ்வளவு அழகான ரசாயனம்! மீன்குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிற பதம் வரும்வரை கொதிக்கவைத்து, மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றினாலும் அந்த எண்ணெய் வாடை மாறாமல் இருக்கிறதே, அதற்குப் பின்னால் இதுவும் உண்டு.

ஆனால் தரம் என்று வந்தால் நாம் நல்லெண்ணெய்க்குச் செய்திருப்பது குறைவு. உணவுத் தரங்களுக்கான உலக அமைப்பான கோடெக்ஸ், விதை எண்ணெய்களில் சுத்திகரிக்காத ரகத்துக்கு வைத்திருக்கும் அமில வரம்பை ஆலிவ் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 2 சதவீதம் வருகிறது. எக்ஸ்ட்ரா வர்ஜினுக்கு 0.8. 'மரச்செக்கு', 'வாகை மரம்', 'பாரம்பரியம்' என்று லேபிளில் எத்தனை சொற்கள்! எள் எந்த அறுவடை, எப்போது ஆட்டியது, அமிலம் எவ்வளவு என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தச் சொற்களைவிட அது எனக்குப் பயன்படும். பழைய எள்ளைச் செக்கில் ஆட்டினாலும் அது செக்கு எண்ணெய்தான். நீலக் கிண்ணத்தோடு நல்லெண்ணெயைச் சுவைத்துச் சொல்ல ஒரு குழு இங்கே வேண்டும். ஊறுகாய் போட்டுக் கைதேர்ந்த பெண்கள் வடசென்னையிலேயே அதற்கு எத்தனையோ பேர் கிடைப்பார்கள்.

தரம் பார்ப்பது ருசிக்காரர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் இரண்டு ஆண்டுகளை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1981இல் ஸ்பெயினில், ஆலைப் பயன்பாட்டுக்காக அனிலின் கலந்த கடுகின எண்ணெயை ஆலிவ் எண்ணெய் என்று தெருத்தெருவாக விற்றார்கள். சுமார் 20,000 பேர் பாதிக்கப்பட்டார்கள், 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1998இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து 60க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டு இடத்திலும் மாண்டவர்களில் பெரும்பாலோர் மலிவு பார்த்து வாங்க வேண்டிய நிலையில் இருந்த ஏழைகள். சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்தே விற்க வேண்டும் என்ற விதி வெறும் காகிதமாக இருக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்த ரகமானாலும் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் ஒரே கதிதான். எண்ணெய் கருத்து, பிசுபிசுத்து, நுரை தள்ளும். அதில் சேரும் கழிவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு உதவாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பழைய எண்ணெயைக் கடைகளிலிருந்து திரட்டி பயோடீசலாக மாற்றும் திட்டமும் தொடங்கியது.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் அறுவடைத் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆலிவ் பறிப்பது பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள், அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் விட்டுவிடலாம். கருத்த கண்ணாடி பாட்டிலோ தகர டப்பாவோ நல்லது, வெளிச்சம் எண்ணெய்க்குப் பகை. கத்திரி வெயிலில் ராயபுரத்துச் சமையலறை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஜன்னல் விளிம்பில் வைத்த எக்ஸ்ட்ரா வர்ஜின் ஒரே கோடையில் தன் தகுதியை இழந்துவிடும். கால் லிட்டர் பாட்டிலாக வாங்கி, மூடிய அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, திறந்த இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள். நல்லெண்ணெய்க்கும் இதே இடம்தான்.